கயிறு திருப்பி அடிக்கும் பவர் வீடர்: ஸ்பார்க், பிளைவீல் கீ கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

பவர் வீடர் (களை எடுக்கும் இயந்திரம்), மினி டில்லர், சிறிய தண்ணீர் பம்ப் ஆகியவற்றில் இருக்கும் பெட்ரோல் எஞ்சின்களில் பெரும்பாலானவை ஒரே குடும்பம். ஹோண்டா ஜிஎக்ஸ்160 (163 சிசி), ஜிஎக்ஸ்200 (196 சிசி), இவற்றின் அமைப்பிலேயே வரும் 7 ஹெச்பி, 212 சிசி எஞ்சின்கள். கீழே உள்ள அளவுகள் இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தும். உங்கள் எஞ்சினோடு வந்த கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். டீசல் வீடருக்கு ஸ்பார்க்கே கிடையாது என்பதால் அது இதில் சேராது.

இந்த எஞ்சின் மக்கர் பண்ணினால் முதலில் காயிலை (பொறிக்கு மின்சாரம் தரும் பாகம்) மாற்றுகிறார்கள், அடுத்து கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) மாற்றுகிறார்கள், கடைசியில்தான் பிளைவீல் (காந்தம் பதித்த கனமான சக்கரம்) நட்டைத் திறக்கிறார்கள். இது தலைகீழ் வரிசை. பிளைவீல் கீ என்பது கிராங்க் தண்டில் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) பிளைவீல் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் சிறு துண்டு. அதைப் பார்க்க அரை மணி நேரம் போதும், செலவு எதுவும் இல்லை. கயிறு கையைத் திருப்பி இழுத்தாலோ கார்புரேட்டரில் வெடித்தாலோ, எந்த உதிரிபாகமும் வாங்குவதற்கு முன் கீயைப் பார்த்துவிடுங்கள்.

## கை வைக்கும் முன்

தேவைப்படும் சாமான்கள்: 10 மி.மீ. சாக்கெட், 21 மி.மீ. பிளக் சாக்கெட், பிளைவீல் நட்டுக்கு 19 மி.மீ. சாக்கெட் (சில எஞ்சின்களில் அளவு மாறும்), பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), மல்டிமீட்டர், மெல்லிய எமரி தாள். ஸ்பார்க் டெஸ்டர் இருந்தால் நல்லது. பிளைவீலைக் கழற்றுவதாக இருந்தால் புல்லரும் (பிளைவீலை இழுத்தெடுக்கும் கருவி) டார்க் ரெஞ்சும் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வேண்டும்.

ஸ்விட்சை அணைத்து, பெட்ரோல் காக்கை மூடி, பிளக் கேப்பைக் கழற்றிய பிறகே கத்தி பக்கமோ பிளைவீல் பக்கமோ கை போக வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். மூடியைக் கழற்றுமுன் ஒயர்கள் போகும் பாதையை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காயிலைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு மறுபடி அலையாமல் இருக்க அந்தப் படம் உதவும்.

மாதக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றிக்கொள்ளுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகத் தேங்கும். அந்தத் தண்ணீர் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும்போது ஸ்பார்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

## அறிகுறி: ஸ்பார்க்கே இல்லை

முதலில் சரியாகச் சோதிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிக் கேப்பில் செருகி, பிளக்கின் இரும்பு உடம்பை எஞ்சின் தலையிலுள்ள ஒரு போல்ட்டில் அழுத்திப் பிடியுங்கள். பிளக் துளைக்கு நேராகப் பிடிக்காதீர்கள். அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும், தீப்பிடிக்கும். நிழலில் நின்று கயிற்றை வேகமாக இழுங்கள். நீலமாக, ‘டிக்’ என்று கேட்கும்படி பொறி வந்தால் நல்ல ஸ்பார்க். ஆரஞ்சு நிறத்தில் விட்டுவிட்டு வந்தால் அதை இல்லாத கணக்கில் சேருங்கள். பிளக்கை எர்த் பண்ணாமல் கேப்பைக் காற்றில் தொங்கவிட்டு இழுத்துப் பார்ப்பது காயிலின் உள் காப்பைக் கெடுக்கும்.

ஒன்றை மனதில் வையுங்கள்: கீ அறுந்தால் ஸ்பார்க் போகாது. பொறி வரும், தப்பான நேரத்தில் வரும். ஆகவே ஸ்பார்க் அறவே இல்லை என்றால் காரணம் கீழே உள்ளவற்றில்தான் இருக்கும்.

பிளக். இந்தக் குடும்பத்துக்கு என்ஜிகே பிபிஆர்6இஎஸ் அல்லது அதற்கு இணையானது. இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. கருப்புக் கரி படிந்தோ எண்ணெயில் நனைந்தோ இருந்தால் புதிய பிளக் போட்டுச் சோதியுங்கள். பழையதைத் தேய்த்துப் போட்டுப் பார்ப்பதில் குழப்பம்தான் மிஞ்சும். பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தால் வெளியே பொறி வரும், உள்ளே வராது.

கேப். காயில் ஒயரிலிருந்து கேப்பை இடப்பக்கம் சுற்றிக் கழற்றுங்கள். ஒயர் முனை பச்சை பூத்திருந்தால் 5 மி.மீ. வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். மழையில் நனைந்த எஞ்சினில் பாதிப் பிரச்சினை இந்தக் கேப்புக்குள் நிற்கும் தண்ணீர்தான்.

ஆயில் சென்சார். ஆயில் குறைந்தால் ஸ்பார்க்கை நிறுத்தும் சென்சார் பல எஞ்சின்களில் இருக்கும். வீடரைச் சமதளத்தில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கைத் திருகாமல் செருகி எடுத்து அளவு பாருங்கள். இந்த எஞ்சின் பிடிக்கும் மொத்த ஆயில் சுமார் 600 மி.லி. மட்டுமே. 200 குறைந்தாலே சென்சார் வேலையைக் காட்டிவிடும். வரப்புச் சரிவில் நிறுத்திக் கயிறு இழுத்தாலும் இதே கதைதான். அளவு சரியாக இருந்தும் சந்தேகமிருந்தால், சென்சாரிலிருந்து வரும் மஞ்சள் ஒயரைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். ஸ்பார்க் வந்தால் சென்சார் போயிருக்கிறது.

ஸ்விட்ச் ஒயர். வீடரில் அதிகம் மாட்டும் இடம் இதுதான். எஞ்சினை நிறுத்தும் ஒயர் கைப்பிடிக் குழாய் வழியாக மேலே போகிறது. கைப்பிடி மடங்கும் மூட்டில் அது நசுங்கித் தோல் உரிந்து இரும்பைத் தொட்டால், எஞ்சினுக்கு எப்போதும் ‘ஆஃப்’ நிலைதான். கொட்டகையில் நிறுத்திய வண்டி என்றால் எலி கடித்திருக்கும். காயிலிலிருந்து வரும் மெல்லிய ஒயரை அதன் கனெக்டரில் பிரித்துவிட்டுச் சோதியுங்கள். ஸ்பார்க் வந்தால் காயிலில் கோளாறு இல்லை, பழுது ஒயரிலோ ஸ்விட்சிலோ இருக்கிறது. இந்த நிலையில் எஞ்சின் ஓடத் தொடங்கினால் ஸ்விட்சால் நிறுத்த முடியாது. சோக்கை மூடியோ பெட்ரோல் காக்கை மூடியோதான் நிறுத்த வேண்டும். அப்படியே வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். கத்தி சுழலும் இயந்திரத்துக்கு ஸ்விட்ச் கட்டாயம் வேலை செய்ய வேண்டும்.

துருவும் இடைவெளியும். கயிறு ஸ்டார்ட்டரையும் விசிறி மூடியையும் கழற்றுங்கள். சில மாடல்களில் டேங்கையும் தளர்த்த வேண்டிவரும். காயிலின் இரண்டு கால்களும் பிளைவீல் காந்தமும் துருப்பிடித்திருந்தால் எமரியால் தேய்த்து, துணியால் தூசியைத் துடையுங்கள். குளவி கட்டிய மண்கூடு காயிலுக்கும் பிளைவீலுக்கும் நடுவே இருப்பதும் உண்டு. பிறகு இடைவெளியை அளவிடுங்கள். 0.4 மி.மீ. இருக்க வேண்டும், 0.2 முதல் 0.6 வரை ஏற்கலாம். வைப்பது சுலபம்: காயிலின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, காந்தம் காயிலுக்கு நேரே வரும்படி பிளைவீலைத் திருப்பி, நடுவே 0.4 மி.மீ. கேஜை வைத்துவிட்டால் காந்தமே காயிலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். போல்ட்டை இறுக்கிக் கேஜை உருவுங்கள். கேஜ் இல்லாதபோது தடிமனான விசிட்டிங் கார்டு கைகொடுக்கும். பிளைவீலை ஒரு முழுச் சுற்று சுற்றி எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

காயில். இதுவரை எல்லாம் சரியாக இருந்தால்தான் காயில் மேல் சந்தேகம் வர வேண்டும். கேப்பைக் கழற்றிவிட்டு, பெரிய ஒயர் முனைக்கும் காயிலின் இரும்புக்கும் இடையே மீட்டர் வைத்தால் ஜிஎக்ஸ் வகையில் சுமார் 6 முதல் 7 கிலோ ஓம் காட்டும். மற்ற தயாரிப்புகளில் அளவு மாறும். மீட்டர் அசையவே இல்லை என்றால் காயில் போய்விட்டது. ஆனால் மீட்டர் சரியாகக் காட்டுவதாலேயே காயில் நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். குளிர்ந்த நிலையில் சரியாக இருந்து சூட்டில் விடும் காயில்கள் நிறைய.

## அறிகுறி: கயிறு கையைத் திருப்பி இழுக்கிறது, அல்லது கார்புரேட்டர் வழியே வெடிக்கிறது

பிஸ்டன் மேலே வந்து முடிப்பதற்குள் பொறி முந்திக்கொண்டால் எஞ்சின் பின்பக்கமாக உதைக்கும். கயிற்றுக் கைப்பிடி விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். மணிக்கட்டு சுளுக்கும், சில நேரம் விரல் எலும்பே முறியும். இந்த அறிகுறி ஒருமுறைக்கு மேல் வந்தால் ‘இன்னொரு இழு இழுத்துப் பார்ப்போம்’ என்று தொடராதீர்கள்.

1. கயிற்றை இழுக்கும் முறை. மெல்ல இழுத்துக் கம்ப்ரெஷன் தட்டும் இடம் வந்ததும் கயிற்றை உள்ளே விட்டு, பிறகு ஒரே வீச்சில் நீளமாக இழுக்க வேண்டும். பாதியில் தயங்கி நிறுத்தினால் நல்ல எஞ்சினும் உதைக்கும்.

2. கிளட்ச் விடுபட்டிருக்கிறதா? பெல்ட் இறுகிய நிலையில் இழுத்தால் கிராங்க் தடுமாறும்.

3. பிளைவீல் நட். மூடியைக் கழற்றி நட்டில் சாக்கெட்டை மாட்டிப் பாருங்கள். கையால் அசைந்தால் உள்ளே கீயும் போயிருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இறுக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பது வேண்டாம். கழற்றியே ஆக வேண்டும்.

4. கீ. நட்டையும் கயிறு மாட்டும் கிண்ணத்தையும் பிளாஸ்டிக் விசிறியையும் எடுத்த உடனே கிராங்க் முனை தெரியும். பிளைவீலை இன்னும் இழுக்க வேண்டாம். டார்ச் அடித்து நேராகப் பாருங்கள். கிராங்கில் வெட்டிய பள்ளமும் பிளைவீலில் வெட்டிய பள்ளமும் ஒரே கோடாக இருக்க வேண்டும். இரண்டும் படிக்கட்டு போல ஒன்றுக்கொன்று விலகியிருந்தால் கீ வெட்டுப்பட்டிருக்கிறது.

எவ்வளவு விலகல் கணக்கில் வரும்? கிராங்க் அந்த இடத்தில் 20 மி.மீ. விட்டம் என்று வைத்தால் சுற்றளவு சுமார் 63 மி.மீ. அதில் 1 மி.மீ. என்பது கிட்டத்தட்ட 6 டிகிரி. இந்த எஞ்சின்கள் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 20 முதல் 25 டிகிரி முன்னால் பொறி விடும்படி அமைந்தவை. அதில் 6 டிகிரி கூடினாலே உதைக்கத் தொடங்கலாம். ‘லேசாகத்தான் நகர்ந்திருக்கிறது, ஓடும்’ என்று விட்டுவிடாதீர்கள். நகம் தட்டும் அளவுக்குப் படி இருந்தாலே கீயை மாற்றுங்கள்.

5. கீ நன்றாக இருந்தும் உதைத்தால், வால்வ் இடைவெளி பாருங்கள். எஞ்சின் குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.15, எக்சாஸ்ட் 0.20 மி.மீ. எக்சாஸ்ட் வால்வ் இடைவெளி அதிகமானால், ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்ரெஷனைக் கொஞ்சம் வெளியேற்றும் அமைப்பு வேலை செய்யாது. கயிறு கல் போல இறுகும்.

6. அண்மையில் காயிலோ பிளைவீலோ மாற்றியிருந்தால் அது உங்கள் மாடலுக்கு உரியதா என்று பாருங்கள். துளைகள் பொருந்துவதால் மட்டும் சரியாகிவிடாது. வேறு மாடல் பிளைவீலில் காந்தத்தின் இடம் மாறியிருக்கலாம்.

செங்குத்துத் தண்டு வைத்த புல்வெட்டும் இயந்திரம் என்றால் வரிசை கொஞ்சம் மாறும். அதில் கத்தியும் பிளைவீலின் வேலையில் ஒரு பங்கு செய்கிறது. கத்தி போல்ட் தளர்ந்தாலே கயிறு உதைக்கும். அதை முதலில் இறுக்கிவிட்டுப் பாருங்கள்.

## அறிகுறி: நல்ல ஸ்பார்க், நல்ல பெட்ரோல், ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை

கயிறு இழுத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

பிளக் காய்ந்திருக்கிறது. பெட்ரோல் உள்ளே வரவில்லை. காக், வடிகட்டி, கார்புரேட்டர் ஜெட் என்று போங்கள். இதற்கும் கீக்கும் சம்பந்தமில்லை.

பிளக் நனைந்திருக்கிறது. பெட்ரோல் வருகிறது, பொறியும் வருகிறது, நேரம் இசையாமல் இருக்கலாம். பிளைவீல் கீயை நினையுங்கள். விசிறி மூடியைக் கழற்றியதும் செய்யக்கூடிய விரைவுச் சோதனை ஒன்று உண்டு. பிளக் துளையில் ஒரு நீளமான ஈர்க்குச்சியை விட்டு, பிளைவீலை ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்புங்கள். குச்சி மேலே ஏறி நிற்கும் இடம் பிஸ்டனின் உச்சி. அப்போது காந்தம் காயிலுக்கு அருகிலேயே, அதைச் சற்றுக் கடந்த நிலையில் இருக்க வேண்டும். இந்த எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் பொறி விடுவதால், எந்த ஸ்ட்ரோக்கின் உச்சியாக இருந்தாலும் பரவாயில்லை. காந்தம் கால் சுற்று தள்ளி நின்றால் கீ முழுவதும் அறுந்துவிட்டது. சிறிய விலகல் இந்தச் சோதனையில் அகப்படாது, அதற்குப் பள்ளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கயிறு லேசாக வருகிறது, கம்ப்ரெஷனே தெரியவில்லை. ரிங், வால்வ் என்று பயப்படுவதற்கு முன், மறுமுனையில் கப்ளிங்கோ புல்லியோ சுற்றுகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கயிறு சுற்றி மறுமுனை சுற்றவில்லை என்றால் நட் தளர்ந்து, கீ அறுந்து, பிளைவீல் மட்டும் கிராங்க் மேல் வெறுமனே சுழல்கிறது. எஞ்சினைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை.

## அறிகுறி: 20, 30 நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது

இதில் இரண்டு காரணங்கள் ஒன்றுபோலவே நடிக்கும்: டேங்க் மூடி, காயில். நின்ற அந்த நிமிடத்திலேயே சோதித்தால்தான் பிரித்தறிய முடியும். பிளக் சாக்கெட்டையும் ஒரு நல்ல பிளக்கையும் வயலுக்கே எடுத்துப் போங்கள்.

நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் வேலை முடிந்தது.

அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், சூடு ஆறுவதற்குள் ஸ்பார்க் பாருங்கள். சூட்டில் பொறி இல்லை, ஆறியதும் வருகிறது என்றால் ஸ்விட்ச் ஒயரைப் பிரித்துவிட்டு இன்னொரு முறை அதே சோதனை செய்யுங்கள். அப்போதும் சூட்டில் பொறி இல்லை என்றால் காயிலை மாற்ற வேண்டியதுதான். புதிய காயில் போடுமுன் விசிறி மூடியின் உட்புறத்தையும் சிலிண்டர் துடுப்புகளையும் பாருங்கள். காய்ந்த புல்லும் மண்ணும் அடைத்துக் காற்று போகாததால்தான் பழைய காயில் வெந்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் விட்டால் அடுத்த காயிலுக்கும் அதே கதி.

சூட்டில் ஸ்பார்க் நன்றாக இருந்து கம்ப்ரெஷன் குறைந்தால் வால்வ் இடைவெளி இறுகியிருக்கும்.

## அறிகுறி: ஓடுகிறது, இழுவை இல்லை, சைலன்சர் வழியே வெடிக்கிறது

பொறி தாமதமாக வரும்போது பெட்ரோல் முழுதாக எரியாமல் சைலன்சருக்குள் போய் எரியும். சைலன்சர் வழக்கத்தைவிட அதிகமாகக் காயும், மண்ணில் கத்தி இறங்கியதும் எஞ்சின் படுத்துவிடும். சோக் பாதி மூடிக் கிடக்கிறதா, ஏர் பில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்தபடியாகக் கீ பள்ளத்தைப் பாருங்கள். பிளைவீல் பின்பக்கமாக நகர்ந்திருந்தால் இப்படித்தான் நடக்கும். உதைப்பு இருக்காது என்பதால் பலரும் இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று எண்ணி மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அதற்குள் எக்சாஸ்ட் வால்வ் கருகிவிடுகிறது.

## அறிகுறி: ஐடிலில் ‘கட கட’ சத்தம், வேகம் கூட்டினால் குறைகிறது

கனெக்டிங் ராடு போய்விட்டது என்று எஞ்சினைப் பிரிக்கச் சொல்லும் முன் பிளைவீல் நட்டைப் பாருங்கள். கிராங்க் முனையின் கூம்பில் தளர்ந்த பிளைவீல், ராடு அடிக்கும் சத்தத்தைப் போலவே அடிக்கும். பிளைவீலை இரண்டு கையாலும் பிடித்து முன்பின் அசையுங்கள். கிராங்க் அசையாமல் பிளைவீல் மட்டும் ஒரு நூல் அசைந்தாலும் சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

## அறிகுறி: ஸ்விட்சை அணைத்தாலும் எஞ்சின் நிற்கவில்லை

முதல் அறிகுறிக்கு நேர் எதிர். நிறுத்தும் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. அந்த ஒயரைக் காயிலிலிருந்து பிரித்துவிட்டு, ஸ்விட்ச் பக்கம் போகும் ஒயரின் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே மீட்டர் வைத்தால், ஸ்விட்ச் ‘ஆஃப்’ நிலையில் தொடர்பு காட்ட வேண்டும்.

## பிளைவீலைக் கழற்றி கீ மாற்றுதல்

பிளைவீலைப் பிடித்து வைத்திருப்பது கீ அல்ல. கிராங்க் முனையிலுள்ள கூம்பும் பிளைவீல் துளையின் கூம்பும் ஒன்றோடொன்று இறுகிப் பிடிப்பதுதான் அதன் பலம். அந்தப் பிடியைத் தருவது நட்டின் இறுக்கம். கீ வெறும் இடங்காட்டி: காந்தம் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்வதற்கு மட்டும். ஆகவே கீ அறுந்தது என்றால் அதற்கு முன் கூம்பின் பிடி விட்டிருக்கிறது. நட் சரியாக இறுகவில்லை, அல்லது கூம்பில் ஆயில், துரு, அழுக்கு இருந்தது, அல்லது ஓடும் கத்தி பாறாங்கல்லிலோ கட்டை வேரிலோ மாட்டிக் கிராங்க் திடீரென்று நின்றது. கிராங்க் நின்றும் பிளைவீல் தன் வேகத்தில் முன்னே போகப் பார்க்கும். காரணத்தைப் பார்க்காமல் கீயை மட்டும் மாற்றினால் அடுத்த வாரமே திரும்ப அறுக்கும்.

நட்டைக் கழற்றுதல். பிளைவீல் துடுப்புகளுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரைச் செருகிப் பிடிக்கக் கூடாது, துடுப்பு முறியும். காற்றுத் துப்பாக்கி (காற்றழுத்தத்தில் நட் கழற்றும் இம்பாக்ட் ரெஞ்ச்) இருந்தால் இரண்டு தட்டில் வந்துவிடும். இல்லாதபோது நைலான் கயிற்று முறை: கம்ப்ரெஷன் உச்சியைத் தாண்டிப் பிஸ்டன் பாதி இறங்கிய நிலையில், 6 மி.மீ. நைலான் கயிற்றைப் பிளக் துளை வழியே உள்ளே திணியுங்கள். முனை வெளியே இருக்கட்டும். நட்டை இடப்பக்கம் திருப்பும்போது பிஸ்டன் மேலேறிக் கயிற்றில் அழுந்தி நின்றுகொள்ளும். தாண்டியது கம்ப்ரெஷன் உச்சிதானா என்று உறுதிசெய்த பிறகே இதைச் செய்யுங்கள். வால்வ் திறந்திருக்கும் ஸ்ட்ரோக்கில் செய்தால் வால்வ் வளைந்துவிடும்.

பிளைவீலை இழுத்தல். நட்டைக் கிராங்க் முனையோடு சமமாக நிற்கும்படி திரும்பப் பூட்டுங்கள், மரை காப்பாற்றப்படும். புல்லரை மாட்டி இறுக்கிவிட்டு, அதன் நடுப் போல்ட்டின் தலையில் பித்தளைச் சுத்தியால் ஒரு தட்டு தட்டினால் ‘டக்’ என்று விடும். காந்தத்தின் மேலும் துடுப்பின் மேலும் அடிக்காதீர்கள். கிராங்க் மரையில் நேராக இரும்புச் சுத்தியால் அடித்தால் கிராங்கே செலவாகிவிடும். தீ வைத்துச் சூடேற்றவும் வேண்டாம், காந்தம் பலம் இழக்கும், ஆயில் சீல் உருகும்.

பார்க்க வேண்டியவை. பழைய கீயைக் குறட்டால் பிடித்து எடுங்கள். அதன் மேல் விளிம்பில் படி விழுந்திருக்கும். கிராங்கிலுள்ள பள்ளத்தின் ஓரங்கள் கூர்மையாக, நேராக இருக்கின்றனவா என்று விரலால் தடவுங்கள். பிளைவீல் துளையின் பள்ள மூலையிலிருந்து மயிரிழை விரிசல் கிளம்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் கண்ட பிளைவீலை வெல்டிங் செய்து போடாதீர்கள். நிமிடத்துக்கு 3600 சுற்றில் அது உடைந்தால் துண்டுகள் மூடியைக் கிழித்துக்கொண்டு வரும்.

கூம்பைத் தயார்செய்தல். இரண்டு கூம்பையும் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். ஆயில், கிரீஸ் எதுவும் தடவக் கூடாது. அடுத்த முறை சுலபமாகக் கழற்றலாம் என்று கிரீஸ் பூசுவதுதான் கீ திரும்பத் திரும்ப அறுபடுவதற்குப் பெரிய காரணம். கூம்பில் லேசான கீறல் இருந்தால், கீ இல்லாமல் வால்வ் தேய்க்கும் மெல்லிய பேஸ்டைத் தடவிப் பிளைவீலை அதன் மேல் வைத்து முன்பின் திருப்பித் தேயுங்கள். சுற்றிலும் ஒரே சாம்பல் நிறம் வந்தால் போதும். பேஸ்ட் ஒரு துளியும் மிச்சமில்லாமல் கழுவிவிடுங்கள்.

கீயைப் பூட்டுதல். ஜிஎக்ஸ் வகையில் வருவது அரைநிலா வடிவ இரும்புக் கீ. அதன் தட்டையான மேல்பக்கம் கூம்பின் சரிவோடு ஒத்து உட்கார வேண்டும். வால் பக்கம் தூக்கி நின்றால் பிளைவீல் கூம்பில் முழுதாக அமராமல் கீயின் மேலேயே உட்காரும். நட் இறுகினது போலத் தெரியும், பிடி இருக்காது. ஆணியை வெட்டியோ அரத்துண்டைத் தேய்த்தோ கீ செய்யாதீர்கள். அசல் கீயின் விலை மிகக் குறைவு, ஆணி கிராங்கின் பள்ளத்தையே தின்றுவிடும். சில புல்வெட்டும் இயந்திரங்களில் வேண்டுமென்றே மென்மையான அலுமினியம் அல்லது துத்தநாகக் கீ வைத்திருப்பார்கள். கத்தி கல்லில் மோதினால் கீ அறுந்து கிராங்கைக் காப்பாற்றுவதற்காக. அங்கே இரும்புக் கீ போட்டால் அடுத்த அடியில் கிராங்க் வளையும். 2 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர்கள் பலவற்றில் தனிக் கீயே இல்லை, பிளைவீலின் வார்ப்பிலேயே ஒரு மேடு இருக்கும். அது அறுந்தால் புதிய பிளைவீல்தான்.

இறுக்குதல். விசிறியின் முளைகளும் கிண்ணத்தின் முளைகளும் அதனதன் குழியில் உட்கார்ந்த பிறகு நட்டைப் போடுங்கள். கயிற்று முறையில் இறுக்குவதானால் இம்முறை கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் பாதி ஏறிய நிலையில் கயிற்றை விட வேண்டும். டார்க் 75 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், 30 செ.மீ. கைப்பிடியின் முனையில் 25 கிலோ தொங்கும் விசை என்று கணக்கு வையுங்கள். ‘கை இறுக்கம் போதும்’ என்பது போதவே போதாது. கயிற்றை உருவியபின் காயில் இடைவெளியை மறுபடி 0.4 மி.மீ. வைத்துவிடுங்கள். முதல் 2 மணி நேரம் ஓடி, எஞ்சின் ஆறிய பிறகு நட்டை ஒருமுறை டார்க் பார்த்துவிடுங்கள்.

## மெக்கானிக்கிடமோ லேத் பட்டறைக்கோ கொண்டுபோக வேண்டிய கட்டம்

கிராங்கிலுள்ள கீ பள்ளம் அகன்றோ ஓரம் உடைந்தோ இருந்தால் அகலமான கீ போட்டுச் சமாளிக்க வேண்டாம். கிராங்க் மாற்றும் வேலை அது. பிளைவீலைச் சுற்றும்போது காயில் இடைவெளி ஒரு பக்கம் 0.2 என்றும் மறுபக்கம் 0.6 என்றும் மாறினால் கிராங்க் வளைந்திருக்கிறது அல்லது பேரிங் போயிருக்கிறது. பிளைவீலின் பின்னால் ஆயில் நனைந்திருந்தால் சீலை மாற்றாமல் மூடாதீர்கள், அந்த ஆயில் கூம்புக்குள் இறங்கும். மரை போன கிராங்க், புல்லருக்கும் அசையாத பிளைவீல் இரண்டையும் பட்டறையில் விடுவதே மலிவு.

சரியான கீ, காய்ந்த கூம்பு, 75 நியூட்டன் மீட்டர் இறுக்கம் எல்லாம் இருந்தும் ஒரே பருவத்தில் இரண்டாம் முறை கீ அறுந்தால், கழற்றிய இரண்டு கீயையும் பிளைவீலையும் கையோடு எடுத்துப் போங்கள். கீயில் படி எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே, கத்தி மோதி அறுந்ததா, ஸ்டார்ட் பண்ணும்போது உதைத்து அறுந்ததா என்பதை அனுபவமுள்ள மெக்கானிக் சொல்லிவிடுவார்.